மீதி மூணு கோழி

திரேஸ்புரத்தில் இசபெல்லாவிடம் கோழி வாங்க வருகிறவர்கள் முதலில் நாலு வசவு வாங்கிக்கொள்ளத் தயாராக வர வேண்டும். "எப்பம் வேணும்?" என்று கேட்பாள். "நாளைக்கு" என்று சொன்னால் தீர்ந்தது கதை. "நாளைக்கா? கோழி என்ன கொடியில காயுத துணியா, உருவிக் குடுக்கதுக்கு? பன்னெண்டு நாளைக்கு முந்தி வந்து சொல்லணும். இப்பம் போயிட்டு வா" என்று வாசலைக் காட்டிவிடுவாள். வந்தவர் போக மாட்டார். போனால் அந்த ருசிக்கு வேறெங்கே போவது? நின்று, கெஞ்சி, அடுத்த மாதத்துக்காவது சொல்லிவைத்துவிட்டுத்தான் போவார்.

இந்தப் பன்னிரண்டு நாள் சட்டத்தை அவள் வீம்புக்குப் போடவில்லை. கடற்கரைக் கோழிக்கு மீன்குடலும் செதிலும்தான் சாப்பாடு. வலை உதறுகிற இடம், மீன் அறுக்கிற இடம் என்று நாள் முழுக்கச் சுற்றிப் பொறுக்கித் தின்றுவிட்டு வரும். பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். அடித்துக் குழம்பு வைத்தால் குசினி முழுக்கக் கருவாட்டு வாடை அடிக்கும். கல்யாணமான புதிதில் அப்படி ஒரு குழம்பை வைத்துவிட்டு நாத்தனார்மாரிடம் அவள் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு அழுது முடித்த கையோடு யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இந்த வழி. அறுக்கப்போகிற கோழியைப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்துவிட வேண்டும். மீன் கண்ணில் படக்கூடாது. கம்பு, தவிடு, பழைய சோறு, கூடவே இடித்த சிப்பி ஓடு கொஞ்சம். அறுபத்தொன்றாம் வருஷத்து முத்துக்குளிப்பில் அவளுடைய அப்பா அள்ளிவந்த சிப்பி ஓடு கொல்லையில் ஒரு மேடாகவே கிடந்தது. அதிலிருந்து வந்த முத்து ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை, ஓடு மட்டும் கோழிக்கு ஆயிற்று.

அறுப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முந்தின நாளே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைப்பாள். காலையில் இறக்கை இரண்டையும் சேர்த்துக் காலடியில் அமுக்கி, ஒரு சிலுவை போட்டுவிட்டு, தலையைப் பின்னுக்கு வளைத்து ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு என்ற பேச்சே கிடையாது. கழுத்தைத் திருகிப் போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "உசிரை எடுக்கது எடுக்கோம். அதைப் போட்டுப் பாடாப் படுத்தணுமா?" என்பாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, தோல் வெந்து இறகோடு பிய்ந்து வரும். விரலை விட்டால் மூன்று எண்ணுகிற வரைக்கும் தாங்குகிற சூடுதான் சரி. இறகு பறித்து, பனையோலைத் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, பித்தப்பை உடையாமல் குடலை எடுப்பாள். அறுக்கும்போது போடுகிற சிலுவை யாருக்காக என்று ஒருமுறை பங்குச் சாமியார் கேட்டதற்கு, "எனக்கும் அதுக்கும் சேத்துத்தான் சாமி" என்று சொல்லிவிட்டாள். சாமியார் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் புருஷன் ரோச் தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரன். வில்பிரட் முதலாளியின் தோணியில் எட்டுப் பேருக்குச் சமைக்கிற வேலை. பண்டாரி வேலையை ஒப்புக்கொண்டுவிட்டு வந்த மனுஷனுக்குக் கோழி அறுக்கத் தெரியாது, பார்த்துக்கொள்ளுங்கள்! முதல் பயணத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தியை இழுத்தான். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் கட்டைவிரலில்தான் ரத்தம். கோழி தோணி முழுக்க ஓடிக் கடைசியில் கடலில் விழுந்தது. ஊருக்கு வந்து வெட்கத்தோடு சொன்னபோது இசபெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உட்காரவைத்து, நாலு கோழியை அவன் கையாலேயே அறுக்கவைத்துப் பழக்கிவிட்டாள்.

அதிலிருந்து தோணி புறப்படும்போதெல்லாம் இசபெல்லா வீட்டிலிருந்து பன்னிரண்டு கோழி ஒரு கூடையில் ஏறும். பனைநாரில் பின்னிய கூடை, மூடியை நீல நைலான் நூலால் அவளே கட்டிக்கொடுப்பாள். தோணியில் கோழி தின்பதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது, அதுவும் அவள் போட்டுக்கொடுத்ததுதான். புறப்படுகிற நாளில் வீட்டிலிருந்து கொண்டுபோகிற கட்டுச்சோறு, கோழி கிடையாது. மறுநாளிலிருந்து தினமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு. வெள்ளிக்கிழமை கிடையாது. தண்டலிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் எல்லாரும் வேதக்காரர்கள், தலையே போனாலும் வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டார்கள். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். அவரே இந்த ஒழுங்கைக் கேட்டுவிட்டு, "ஏலே ரோச், ஒன் பெண்டாட்டியத் தண்டலாப் போட்டிருந்தா தோணி இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும் போல" என்றாராம்.

எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தோணி மாலத்தீவுக்குப் பாய் விரித்தது. வெங்காயமும் கூரை ஓடும் சரக்கு. வழக்கம்போல் பன்னிரண்டு கோழி. அந்தப் பயணத்தில் புதிதாகச் சேர்ந்தவன் ததேயு என்கிற பையன், பக்கத்து வீட்டுக் கிளாடிஸின் புருஷன். கிளாடிஸுக்கு அப்போது ஐந்து மாசம். கரையில் நின்று கையை ஆட்டியவள், பாய் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றாள். இசபெல்லாதான் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "போதும்ளா, கை கழண்டிரப் போவுது. ஒரு மாசத்துல வந்து நிப்பான்" என்று சொல்லிக் கூட்டிவந்தாள்.

வியாழக்கிழமை மதியத்திலிருந்து காற்று சரியில்லை. இலங்கையைப் புயல் அடித்துப் போட்டிருக்கிறது, இந்தப் பக்கம்தான் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது திரேஸ்புரத்தில் பாதிக் கூரை காணோம். தென்னை விழுந்து கிடந்தது, வள்ளங்கள் தெருவுக்குள் வந்து கிடந்தன. இசபெல்லா கோழிகளையெல்லாம் குசினிக்குள் அடைத்துவிட்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். வாய் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. மனசு மட்டும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தோணி இப்போது எங்கே நிற்கும்?

காற்று ஓய்ந்தது, சேதி வரவில்லை. ஒரு வாரமும் போயிற்று. வில்பிரட் முதலாளி நல்ல மனுஷர். காலையில் துறைமுகத்துக்கும் சாயங்காலம் தந்தி ஆபீசுக்குமாக அலைந்தார். கொழும்புக்குப் போன வேறு தோணிகள் இரண்டும் பத்திரமாய் இருக்கின்றன என்று தெரிந்தது. இந்தத் தோணியைப் பற்றி ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கேட்கப் போகிற பெண்களிடம், "பாப்போம்மா, மாதா இருக்கா" என்பார். அந்தப் "பாப்போம்" ஒவ்வொரு நாளும் மெலிந்துகொண்டே வந்ததை எல்லாரும் கவனித்தார்கள். கிளாடிஸ் சாப்பாட்டை நிறுத்தினாள். வாயில் வைத்ததையெல்லாம் வெளியே தள்ளினாள். வயிற்றுப் பிள்ளைக்காகவாவது தின்னு என்று சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டாவது சனிக்கிழமை காலையில் மனுவேல் வந்தான். கிளாடிஸின் அண்ணன், மணப்பாட்டுப் பக்கம் மீன்பிடிக்கப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். தோளில் ஒரு கூடை. அதைத் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேரே இசபெல்லா வீட்டு முற்றத்தில் இறக்கிவைத்தான். வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

பனைநார்க் கூடை. நீல நைலான். அவள் ரோச்சுக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு.

"எங்கன கெடச்சுது?"

"மணப்பாட்டுக்கு வெளிய, ஆழக்கடல்ல. மெதந்துகிட்டு வந்துச்சுக்கா. பாத்த ஒடனே தெரிஞ்சிட்டு, ஒங்க கூடைதான்னு."

அதற்குள் தெரு கூடிவிட்டது. யாரோ ஒருத்தி, "சேசு மரி சூசையே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், தீப் பிடித்த மாதிரி ஒப்பாரி கிளம்பிவிட்டது. தோணியில் இருந்த கூடை கடலில் மிதக்கிறது என்றால் தோணி எங்கே இருக்கும்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிளாடிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். கூடையைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இசபெல்லா அழவில்லை. கூடைக்கு முன்னால் குந்தி, மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கத்து முடிச்சு மட்டும் கத்தியால் அறுபட்டிருந்தது.

"இதை அறுத்தது யாரு?"

"நாந்தான். உள்ள செத்து நாறிக் கெடந்துச்சு. அதைக் கடல்லயே கொட்டிட்டு வெறுங்கூடையக் கொண்டாந்தேன்."

"அதுக்கு முந்தி மூடி கட்டினபடியேதான இருந்துச்சு? எங்கயும் அவுரலியே?"

"இல்ல. இறுக்கமா இருந்துச்சு."

"உள்ள எத்தனை கெடந்துச்சு?"

மனுவேல் முழித்தான். புருஷன் போய்விட்டான் என்று ஊரே அழுகிறது, இந்தப் பொம்பளை கோழிக் கணக்குக் கேட்கிறாளே, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

"எத்தனைன்னு கேக்கேம்லா!"

"மூணுக்கா."

"எண்ணினியா, இல்ல வாய்க்கு வந்ததைச் சொல்லுதியா?"

"எண்ணித்தான் கொட்டினேன். மூணே மூணு. மாதா சத்தியமா."

இசபெல்லா விரலை மடக்க ஆரம்பித்தாள். ஒப்பாரி மெல்ல மெல்ல அடங்கியது. அவள் உதடு அசைவதையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை எண்ணினாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். பிறகு எழுந்து நின்றாள்.

"ஏளா, எல்லாரும் வாயை மூடுங்க. நான் சொல்லுததைக் கேளுங்க. திங்கக்கிழமை பொறப்பட்டாவ. அன்னைக்குக் கட்டுச்சோறு. செவ்வா ஒண்ணு, புதன் ஒண்ணு, வியாழன் ஒண்ணு. மூணாச்சா? வியாழக்கிழமை ராத்திரி காத்து அடிச்சுது. அன்னைக்கே தோணி போயிருந்தா கூடையில எத்தனை கெடக்கணும்?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்களா! பன்னெண்டுல மூணு போனா?"

"ஒம்பது" என்று கிளாடிஸ் தரையிலிருந்தே சொன்னாள்.

"ஒம்பது கெடக்கணும். கெடந்தது மூணு. மூடி கட்டினபடியே இருந்துச்சுன்னு மனுவேல் சொல்லுதான். அப்பம் மிச்சம் ஆறு கோழி எங்கன போச்சு? தானா மூடியைத் தெறந்து வெளிய போயிட்டு, திரும்பவும் நைலானைக் கட்டி வச்சிச்சா? வெள்ளிக்கிழமை கறி கெடையாது. சனி ஒண்ணு. ஞாயிறு ரெண்டு. திங்க ஒண்ணு, செவ்வா ஒண்ணு, புதன் ஒண்ணு. ஆறு! கணக்குச் சரியா இருக்கா இல்லியா? காத்தடிச்சு ஆறு நாளு கழிச்சும் எம் புருசன் அந்தத் தோணியில குந்தி கோழி அறுத்திருக்காவ. அறுக்க ஆளும் இருந்திருக்கு, திங்க வாயும் இருந்திருக்கு. கூடை அதுக்கப்புறம்தான் கடல்ல விழுந்திருக்கு. எப்படி விழுந்திச்சோ எனக்குத் தெரியாது. ஆனா காத்துல போவல. போவல, அவ்வளவுதான்!"

இப்போது யாரும் அழவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய், புதன், வியாழன். சனி, ஞாயிறு இரண்டு. திரும்பத் திரும்ப எண்ணினார்கள், திரும்பத் திரும்ப மூன்றுதான் மிஞ்சியது. மனுவேல் கூட எண்ணிவிட்டு, "ஆமா, சரியாத்தான் வருது" என்றான், தானே எல்லாரையும் காப்பாற்றிவிட்ட மாதிரி.

சேதி வில்பிரட் முதலாளிக்குப் போயிற்று. அவர் வந்து கேட்டார். படித்த மனுஷர், இருந்தாலும் அவரும் விரலை மடக்கித்தான் பார்த்தார். "வெள்ளிக்கிழமையை விட்டுட்டியே?" என்று ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்டுவிட்டு, தானே தலையில் தட்டிக்கொண்டார். இறந்தவர்களுக்கான பூசைக்குக் கொடுக்கலாமா என்று பேச்செடுத்திருந்த இரண்டு வீட்டார் அதை நிறுத்திவைத்தார்கள். "இசபெல்லா கணக்குப்படி புதன்கிழமை வரைக்கும் இருந்திருக்காவ" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள்கூட வலிய வந்து, "அந்தக் கணக்கை இன்னொரு தரம் சொல்லு பாப்போம்" என்றார்கள். வசவு எதுவும் இல்லாமல் அவளும் சொன்னாள்.

அன்றைக்கே ஒரு விடைக்கோழியை அறுத்து, மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்துக் கிளாடிஸ் வீட்டுக்குக் கொண்டுபோனாள். "குடிளா" என்றாள். கிளாடிஸ் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கணக்கு நெசந்தான?" "நெசமில்லாம நான் எதுக்குக் கோழியை அறுக்கேன்? குடி." அவள் குடித்தாள். குடித்தது வெளியே வரவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு சாறு போயிற்று, வெள்ளிக்கிழமை மட்டும் பயறுக் கஞ்சி. வீட்டுக் கோழி ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. பன்னிரண்டு நாள் சட்டமெல்லாம் அப்போது எங்கே! பிடித்த கோழியை அப்படியே அறுத்தாள், லேசாக மீன் வாடை அடித்தது. கிளாடிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள்.

வெளியில்தான் இந்தத் தைரியம். உள்ளுக்குள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தோணியில் பசி அதிகமாகி ஒரே நாளில் நாலைந்தை அறுத்திருந்தால்? மனுவேல் தப்பாக எண்ணியிருந்தால்? அவன் எண்ணுவதற்கு முன்பே இரண்டு கடலில் நழுவியிருந்தால்? புதன்கிழமைக்குப் பிறகு என்ன ஆயிற்று? கோழி அறுக்கக் குந்தும்போதெல்லாம் இந்தக் கேள்விகளும் கூடவே வந்து குந்திக்கொள்ளும். அப்போதெல்லாம் அவள் கத்தியை மண்ணில் வைத்துவிட்டு விரலை மடக்குவாள். செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று. எண்ணி முடித்ததும் கத்தியை எடுப்பாள்.

அதற்கடுத்த வாரம் முடிந்து, திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். கொல்லையில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். தெருவில் சத்தம் கேட்டது. முதலில் சண்டை என்று நினைத்தாள். பிறகு அழுகை என்று நினைத்தாள், கை அப்படியே தவிட்டில் நின்றுவிட்டது. அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

ரோச் கொல்லைக் கதவுக்குள் வந்து நின்றான். தாடி. யாரோ கொடுத்த சட்டை, தோளில் தொங்கிற்று. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. "ஏளா இசபெல்" என்றான்.

அவள் எழுந்தாள். தவிட்டுக் கையோடு போய் அவன் முகத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், கையைத் தூக்கிக் கட்டைவிரலில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தாள். பிறகு அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "ஒரு தந்தி குடுக்கக் கை வரலியா ஒங்களுக்கு?" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. மூன்று வாரத்து அழுகையும் சேர்ந்து வந்தது. ரோச் தாடியெல்லாம் தவிடாக நின்று, "குடுத்தேமே, முந்தா நாளே குடுத்தேமே, வரலியா?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். தந்தி மறுநாள்தான் வந்தது. தபால்காரர் அதை வாசலில் உட்கார்ந்திருந்த ரோச்சின் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். காற்றில் பாய்மரம் முறிந்து, ஓட்டுச் சரக்கையெல்லாம் கடலில் தள்ளி, கிழிந்த பாயை ஒரு கம்பில் கட்டி எங்கேயோ மேற்கே போய், கடைசியில் கொல்லத்துப் பக்கம் கரை கண்டிருக்கிறார்கள். அங்கிருந்து பஸ் ஏறி நாகர்கோவில் வழியாக வந்து சேர்ந்தார்கள். தெருவில் எட்டு வீட்டிலும் எட்டு விதமாகச் சத்தம். இசபெல்லா குளிக்கத் தண்ணீர் போட்டுக்கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த சேவல்களில் நல்லதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலடியில் அமுக்கிச் சிலுவை போட்டாள். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

"ஒங்க கூடை எங்களுக்குக் கெடச்சுது, தெரியுமா?" என்றாள். "மணப்பாட்டுல. அதை வச்சுத்தான் நான் கணக்குப் போட்டேன்." சொல்லச் சொல்ல அவளுக்கே பெருமை தாங்கவில்லை. செவ்வாயிலிருந்து அடுத்த வாரத்துப் புதன் வரைக்கும் முழுக்கணக்கையும் சொன்னாள். ஊரே அவள் கணக்கை நம்பி இருந்ததைச் சொன்னாள். முதலாளி விரல் மடக்கியதைச் சொன்னாள்.

ரோச் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "என்னளா சொல்லுத? கோழியை எங்கன தின்னோம் நாங்க?"

"என்னது?"

"ஒரு கோழி திங்கல. ஒண்ணுகூட. செவ்வாக்கெழம காலைல கூடைய எட்டிப் பாத்தா ரெண்டு தலை தொங்கிக் கெடக்கு. வெள்ளைக் கழிச்சல் நோவு. புதன்கெழம ஏழு போச்சு. ஒவ்வொண்ணாத் தூக்கிக் கடல்ல போட்டு மூடியக் கட்டி வச்சேன். வியாழக்கெழம விடியுததுக்குள்ள மிச்சம் மூணும் போச்சு. தண்டல் ஏசின ஏச்சு இருக்கே! 'நாத்தம் தாங்கல, கூடையோட தூக்கிப் போடுலே'ன்னாரு. தெறந்து பாக்கக்கூட மனசு வரல, அப்படியே போட்டேன். காத்து அடிச்சது அதுக்கப்புறம்லா. இருவது நாளா சோறும் வெங்காயமும்தான். வெங்காயக் கொழம்பு, வெங்காயத் தொவையல், பச்சை வெங்காயம். ஒங் கோழியால எனக்குக் கெடச்ச பேரு என்ன தெரியுமா? கழிச்சல் பண்டாரி!"

இசபெல்லாவின் கால் நழுவியது. சேவல் துள்ளி எழுந்து, இறக்கையை உதறிக்கொண்டு சிப்பி மேட்டில் ஏறி நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை. காற்றுக்கு முன்னால். அப்படியென்றால் அந்தக் கூடை ஒன்றையுமே சொல்லவில்லை. தோணி அன்று ராத்திரியே முழுகியிருந்தாலும் கூடையில் மூன்று கோழிதான் கிடந்திருக்கும். கையில் ஒன்றுமில்லாமல்தான் அவள் நடுத்தெருவில் நின்று அத்தனை பேரையும் அதட்டியிருக்கிறாள். போன பயம் இப்போது மொத்தமாகத் திரும்பி வந்து அவளைத் தரையில் உட்காரவைத்தது. உட்கார்ந்தபடியே கையை நீட்டி ரோச்சின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துப் பார்த்தாள், இருந்தது. மறுபடியும் பிடித்துப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக் கோழிக்கு எப்பிடிளா கழிச்சல் வந்துச்சு?" என்று ரோச் கேட்டான்.

அவள் குரல் உள்ளே போயிற்று. "கீரிப்பிள்ளை ரெண்டைக் கொண்டுபோயிட்டு. பன்னெண்டுக்குக் கொறையுதேன்னு சந்தையில ரெண்டு வாங்கிப் பஞ்சாரத்துல போட்டேன். ஒங்ககிட்டச் சொல்லல."

"சந்தைக் கோழியா! நீயா!" ரோச் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் தாடிக்குள் சிரித்தான், பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையுமாக, "வெளிய சொல்லிராதீய, கும்பிட்டுக் கேக்கேன். என் மானம் கப்பலேறிரும்" என்றாள்.

"நான் சொல்லாட்டா? மிச்சம் ஏழு பேருக்கு வாய் இல்லியா?"

உண்மைதான். பகல் சாப்பாடு முடிவதற்குள் ஏழு வீட்டிலும் கழிச்சல் கதை தெரிந்துவிட்டது. இசபெல்லா குசினியை விட்டு வெளியே வரவில்லை. யார் முகத்தில் முழிப்பாள்? பூசையை நிறுத்தினாளே, கணக்குச் சொன்னாளே, வாயை மூடுங்க என்றாளே! தெருவில் யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று பட்டது. அந்தச் சேவலை ரோச்சே பிடித்து ஒரே இழுப்பில் அறுத்துக் கொடுத்தான். அவள் குனிந்த தலை நிமிராமல் இறகு பறித்துக்கொண்டிருந்தாள்.

கிளாடிஸ் வந்தாள். கையில் வழக்கமாகச் சாறு போகிற அந்தப் பாத்திரம், கழுவித் துடைத்திருந்தது. குசினி வாசலில் நின்றாள்.

"ததேயு எல்லாம் சொன்னாவ" என்றாள்.

இசபெல்லா இறகைப் பறித்துக்கொண்டே, "ஆமாளா. எல்லாம் பொய்க் கணக்கு. ஒன்கிட்டயும் பொய்தான் சொல்லியிருக்கேன். ஏசுததுன்னா ஏசிட்டுப் போ" என்றாள்.

கிளாடிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து சேவலின் மறுபக்கத்து இறகைப் பறிக்க ஆரம்பித்தாள்.

"பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்க்கா. ஒம்பது நாளு அதைத்தான தின்னோம், நானும் இந்தப் புள்ளையும்."